பிரெட்போர்டிலிருந்து படுக்கையறைச் சுவர் வரை

கொடைக்கானலில் டிசம்பர் பிறந்துவிட்டால் என் பழுதுபார்க்கும் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ரூம் ஹீட்டரை எரித்துக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. விடுமுறைக்கு ஊர் திரும்பிய கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு வகை. இவர்கள் கையில் சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பழகும் ஒரு பிரெட்போர்டு இருக்கும், அதன்மேல் தூக்கணாங்குருவிக் கூடு போல ஒயர்கள் இருக்கும். போன குளிர்காலத்தில் அப்படி வந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, கரிப்புகை அலாரம் செய்திருக்கிறேன். நம் ஊர் லாட்ஜுகளுக்கு விற்கலாமா?"

நல்ல எண்ணம்தான். மூடிய அறைக்குள் தணலை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழாமல் போன செய்தி இந்த மலைக்குப் புதிதில்லை. சாயங்காலம் வெளியே இறைச்சி சுட்ட கரி அடுப்பை, "இன்னும் சூடு இருக்கிறதே" என்று அறைக்குள் தூக்கிப் போவார்கள். கரி நீறு பூத்து அடங்கியது போல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். தம்பி கரிப்புகை என்றது இதைத்தான். அதற்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. வத்தலக்குண்டிலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்த பயணி அதை மலைப்பாதையின் கிறுகிறுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்.

தம்பியின் கருவி வேலை செய்தது. ஊதுபத்தியைக் காட்டினால் கத்தியது. நான் அதிலிருந்து ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஊதுபத்தியைக் காட்டச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

இப்படிப்பட்ட கருவியின் சிக்கல் முழுவதும் அந்த அமைதியில் இருக்கிறது. அலாரம் சும்மா இருந்தால் அறையில் நச்சு இல்லை என்று ஒரு பொருள், அலாரமே செத்துவிட்டது என்று இன்னொரு பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் அது பொம்மை. இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒன்று: இன்றிரவு தூங்கப்போகும் அறைக்கு, தரச்சான்று பெற்ற அலாரத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுங்கள். நீங்கள் செய்வது, தேறும்வரை, அதன் பக்கத்தில் இரண்டாவதாக மட்டும் தொங்கட்டும். தணலை அறைக்குள் கொண்டுபோகாமல் இருப்பது இரண்டையும்விட மலிவு.

முதல் படி: சாவுக் கணக்கு

சாலிடரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கருவியில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. அது அறுந்துபோனால் என்ன ஆகும், ஷார்ட் ஆனால் என்ன ஆகும், மெல்ல மெல்ல அளவு மாறினால் என்ன ஆகும், அப்படி ஆனது யாருக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வரிகளைச் சிவப்பு மையில் சுழித்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் இதையே பழுது வகைப் பகுப்பாய்வு என்று பெயர் வைத்துக் கட்டம் கட்டமாகச் செய்கின்றன.

தம்பியோடு உட்கார்ந்து எழுதியபோது வந்த சில வரிகள்: சென்சார் ஒயர் அறுந்தால் அளவு பூஜ்யம், அதாவது "சுத்தமான காற்று". கருவியை ஓட்டும் குட்டிக் கணினிச் சிப்பான மைக்ரோகண்ட்ரோலரின் நிரல் ஓரிடத்தில் சிக்கி நின்றாலும் பச்சை விளக்கு எரியும், ஏனென்றால் அதை நேராக 5 வோல்ட்டில் இணைத்திருந்தான். சத்தம் போடும் பஸ்ஸர் கெட்டால் திரையில் எண் மட்டும் ஏறும், தூங்குபவர் திரையைப் பார்க்கமாட்டார். இவற்றோடு மனிதர்கள் செய்யும் சாவுகளையும் சேர்த்தோம். விருந்தினர் தன் போனுக்கு சார்ஜ் போட அலாரத்தின் அடாப்டரைப் பிடுங்குவார். கீச்சொலி தொல்லை தருகிறது என்று பஸ்ஸர் துளைமேல் டேப் ஒட்டுவார். அறை கூட்டுபவர் ஈரத்துணியால் துடைப்பார். என் அனுபவத்தில் பாகங்கள் கொல்வதைவிட இவர்கள் கொல்வது அதிகம்.

பதினேழு சிவப்புச் சுழிகள் வந்தன. தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் படி: சென்சார்

பழகுபவர்கள் எல்லோரும் வாங்குவது எம்க்யூ-7 என்ற, உள்ளே ஹீட்டர் வைத்த சென்சார். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் படிப்பவர் குறைவு. ஹீட்டருக்கு 60 நொடி 5 வோல்ட், பிறகு 90 நொடி 1.4 வோல்ட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, குறைந்த வோல்ட் கட்டத்தில்தான் அளக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு பலகைகள் பலவற்றில் எப்போதும் 5 வோல்ட்டே போய்க்கொண்டிருக்கிறது. எண் ஏதோ ஏறி இறங்கும், அது எத்தனை பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு) என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹீட்டர் 150 மில்லிஆம்பியர் அளவில் இழுப்பதால் பேட்டரியில் நெடுநாள் ஓட்ட முடியாது. அடாப்டர் தேவைப்படும், அடாப்டர் என்றால் போன் சார்ஜருக்காகப் பிடுங்கப்படும். சென்சார் தேர்வே ஒரு சிவப்புச் சுழியை உண்டாக்குவதைக் கவனியுங்கள்.

எனவே மின்வேதியியல் வகைக்குப் போங்கள். விலை பல மடங்கு அதிகம். ஆனால் தானே மின்சாரத்தை இழுக்காமல், வாயுவுக்கு ஏற்ப நானோஆம்பியர் (ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் சிறு மின்னோட்டத்தைத் தருகிறது. நல்ல வடிவமைப்பில் ஒரு பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரும். இதிலும் ஒரு பொறி உண்டு: சுத்தமான காற்றில் அது தருவது ஏறக்குறைய பூஜ்யம், செத்த சென்சார் தருவதும் பூஜ்யம். அதே இரட்டை அமைதி இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு வழி இருக்கிறது. நல்ல சென்சார் மின்முனைகளுக்கு இடையே, மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுத்து அது தணிந்து வரும் விதத்தைப் பாருங்கள். அறுந்த சென்சாரிலும் ஷார்ட் ஆன சென்சாரிலும் அந்த வளைவு வேறு மாதிரி இருக்கும். இந்தச் சோதனையைச் சேர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நானோஆம்பியர் என்றால் நம் ஊர் மூடுபனிக்கு விளையாட்டு. சாலிடர் செய்த இடத்தில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் பசைமேல் ஈரம் படிந்தால் அதன்வழியே ஒழுகும் மின்னோட்டமே சென்சார் தருவதைவிடப் பெரிதாக இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவுங்கள். சென்சாரைப் பொருத்துவதற்கு முன் கழுவுங்கள், ஏனென்றால் ஆல்கஹால் ஆவியையும் அது நச்சு என்றே எடுத்துக்கொள்ளும்.

ஹைட்ரஜனையும் அப்படித்தான். தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், "மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் உன் அலாரம் பேய் பிடித்ததுபோல் கத்துகிறது" என்று கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். ஒரு வாரம் தலையைச் சொறிந்தேன். பிறகு போய்ப் பார்த்தால், அலாரம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தது. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். சென்சார் ஏமாறியது உண்மை, ஆனால் எங்கே மாட்டக்கூடாது என்று எழுதித் தராதது என் பிழை.

மூன்றாம் படி: எப்போது கத்த வேண்டும்

"ஐம்பது பிபிஎம் தாண்டினால் கத்து" என்று ஒரு வரியில் எழுதிவிடத் தோன்றும். வேண்டாம். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் நொடியில் கத்தும் கருவி இரண்டு நாளில் அலமாரிக்குள் போய்விடும். உடலில் நச்சு சேர்வது அளவோடு நேரத்தையும் பொறுத்தது. கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 50291 இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது: 30 பிபிஎம்மில் 120 நிமிடத்துக்கு முன் கத்தக்கூடாது. 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பிபிஎம்மில் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். இந்த நான்கு வரிகளை நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் சொந்தக் கணக்கைவிட இது மேலானது.

நான்காம் படி: மின்சாரமும் உயரமும்

அறைக் கருவி பேட்டரியில் ஓடட்டும். வரவேற்பறையில் ஒரு பெரிய மணி வேண்டுமென்றால் அங்கே மட்டும் அடாப்டர். 230 வோல்ட்டை உங்கள் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்ட 5 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள்.

வாங்கும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு சிறிய மலைச் சின்னமும் 2000 மீட்டர் என்ற குறிப்பும் இருக்கும். அந்த உயரம்வரைதான் பொருந்தும் என்று பொருள். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர். காற்று மெலிய மெலிய, மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது எளிதாகிறது. அதனால்தான் மின்காப்புத் தரங்கள் 2000 மீட்டருக்கு மேல் பாகங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி கேட்கின்றன. 3000 மீட்டருக்கு அது 1.14 மடங்கு. மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகவே கொண்டுபோகும். மலையில் கீழே இருக்கும் பண்ணைக்காட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. மேலே இருப்பவர்கள் 5000 மீட்டர் வரை என்று குறித்த அடாப்டரைக் கேட்டு வாங்கலாம், கடைக்காரர் விநோதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. சித்திரை, ஐப்பசி இடிமழைக்கு அடாப்டருக்கு முன்னால், மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் ஒரு சர்ஜ் தடுப்பானும் போடுங்கள்.

அறையிலிருந்து வரவேற்பறைக்குப் போகும் ஒயரில் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடட்டும், ஒயரின் கடைசியில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கட்டும். எலி கடித்து ஒயர் அறுந்தால் மின்னோட்டம் நிற்கும். கூரைத் தகரத்தில் நசுங்கி ஷார்ட் ஆனால் மின்னோட்டம் எகிறும். இரண்டும் "பழுது" விளக்கைப் போடும். தீயணைப்பு அலாரங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. மின்சாரம் வந்தால்தான் கத்தும் ஒயரை நம்பவே கூடாது.

பேட்டரி பற்றி ஒரு குறிப்பு. குளிரில் பேட்டரியின் வோல்ட் இறங்கும். ஆகவே "பேட்டரி தீர்கிறது" என்ற கீச்சொலி, எல்லாரும் அயர்ந்து தூங்கும் விடியற்காலை நாலு மணிக்குத்தான் தொடங்கும். அப்போதுதான் டேப் ஒட்டும் விருந்தினர் பிறக்கிறார். பகலிலும் பேட்டரியை ஒரு சுமை கொடுத்து அளந்து, சில வாரங்கள் மிச்சம் இருக்கும்போதே பகல் வேளையில் எச்சரியுங்கள்.

ஐந்தாம் படி: நிரல்

பச்சை விளக்கை மின்சாரத்திலிருந்து பிரித்து நிரலின் கையில் கொடுங்கள். அளவு எடுத்து, சென்சார் சோதனை தேறி, பேட்டரியும் சரியாக இருந்தால் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை அது கண் சிமிட்டட்டும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு எதையும் சொல்வதில்லை.

வாட்ச்டாக் டைமரை இயக்குங்கள். ஆர்டுயினோ பலகைகளில் உள்ள ஏடிமெகா 328 சிப்பில் அதிகபட்சம் 8 நொடி. நிரல் சிக்கிக்கொண்டால் அது சிப்பை மறுபடி தொடங்கவைக்கும். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அதற்கு அவ்வப்போது தீனி போடும் வரியை, நேரம் வந்தால் தானே குறுக்கிட்டு ஓடும் டைமர் இன்டரப்டில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. மூல நிரல் செத்த பிறகும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே தீனி போடும், பிணத்துக்கு வாய்க்கரிசி போடுவதுபோல. எல்லாப் பணிகளும் "நான் முடித்தேன்" என்று கொடி காட்டிய பிறகே தீனி போடுங்கள். பழைய ஆர்டுயினோ நானோ பலகைகள் சிலவற்றின் தொடக்க நிரலான பூட்லோடர், வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு மீளாமல் சுழன்றுகொண்டே இருக்கும். வேண்டுமென்றே நிரலைச் சிக்கவைத்து, எழுந்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் சிப் உளறாமல் நிற்பதற்கான பிரௌன்அவுட் அளவையும் சிப்பின் வேகத்துக்கு ஏற்ப அமையுங்கள்.

இன்னொன்று, நிரல் நேரம் பார்க்கும் மில்லிநொடி எண்ணி. 32 பிட் எண்ணான அது ஏறக்குறைய 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொடங்கிய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிடுபவர்களின் கருவி அந்த நாளில் குழம்பும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் குழம்பாது. நான் செய்த முதல் கருவி மேசைமேல் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. மாட்டி ஏழு வாரம் கழித்து ஊமையானது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு ஏழு வாரம் ஆனது.

நிரலை மட்டுமே நம்பியதன் விலையைத் தெரிந்துகொள்ள தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியைப் பற்றிப் படியுங்கள். முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடைகளை எடுத்துவிட்டு வேலையை நிரலிடம் ஒப்படைத்தார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். நம் பெட்டிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சென்சாரின் அளவு மிக உயர்ந்தால், நிரல் விழித்திருந்தாலும் தூங்கினாலும், ஒரு ஒப்பீட்டுச் சிப் நேராகப் பஸ்ஸரை அலறவைக்க ஒரு தனி வழி.

ஆறாம் படி: பலகை, ஒயர், பெட்டி

பிரெட்போர்டு பழகுவதற்கு மட்டும். அதன் பிடிகள் தளரும், ஈரத்தில் கறுக்கும். தாமிரத் தடங்கள் கொண்ட பிசிபி பலகையை அச்சிட்டு வாங்குங்கள். ஸ்குரூ முனையில் மாட்டும் ஒயரின் நுனியை ஈயத்தில் தோய்க்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும், ஒரு வருடத்தில் பிடி தளரும். நுனியில் சிறு உலோகக் குழல் முனை ஒன்றைக் கவ்வவைத்து மாட்டுங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இழுவையைத் தாங்க ஒரு பிடிப்பும் வேண்டும்.

பனி புகாமல் இருக்கப் பலகைக்கு அக்ரிலிக் பூச்சு கொடுக்கலாம், சென்சாரின் வாயை மூடிவிட்டு. பெட்டியின் இடுக்குகளை அடைக்கச் சிலிகான் பேஸ்டைத் தேடிப் போவீர்கள். காடி நாற்றம் வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விட்டுத் தாமிரத்தை அரிக்கும். எம்க்யூ வகைச் சென்சார்களுக்குச் சிலிகான் ஆவியே நஞ்சு. ரப்பர் கேஸ்கெட் போட்ட பெட்டி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

பாகம் வாங்கும்போது எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் மதுரையானாலும், "இதுவும் அதேதான் சார்" என்று வேறொன்றைக் கையில் திணிப்பார்கள். அப்படி மாறிய ஒவ்வொரு பாகத்துக்கும் சாவுக் கணக்கை மறுபடி எழுத வேண்டும்.

ஏழாம் படி: வதை

ஒன்று செய்யாதீர்கள், ஐந்து செய்யுங்கள். ஐந்தையும் 60 நாள் நிறுத்தாமல் ஓட்டுங்கள் (49.7 நாளைத் தாண்டியாக வேண்டுமே). அதன்பின் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து, எடுத்ததும் கொதிக்கும் கெண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை மார்பு உயரத்திலிருந்து சிமென்டுத் தரையில் போடுங்கள். ஒன்றைத் துணிப்பையில் சுற்றி, வத்தலக்குண்டு பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் போய் வரச் செய்யுங்கள். ஆய்வகத்தின் அதிர்வு மேசைக்கு ஈடாகாது என்றாலும் தளர்ந்த சாலிடர் எல்லாம் வழியில் உள்ள பெருமாள்மலைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். நிலைமின்சாரத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தொடுங்கள், பக்கத்தில் போனை வைத்து அழைப்பு விடுங்கள்.

உண்மையான வாயுச் சோதனைக்கு அளவு குறித்த சோதனை வாயு உருளைகள் விற்கிறார்கள். அதை மட்டும் பயன்படுத்துங்கள், திறந்த வெளியில் ஒரு சிறு மூடிக்குள். ஊதுபத்தி, சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அறைக்குள் கரியைக் கொளுத்திச் சோதிப்பவரோடு நான் பேசுவதில்லை.

எட்டாம் படி: காகிதம்

விற்கப்போகிறீர்கள் என்றால் இது கடினமான படி. மின்சார, மின்னணு, நிரல்வழி இயங்கும் பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஐஇசி 61508 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு நிலைகள் வகுக்கிறது. அதை முழுவதும் நிறைவேற்றத் தனி ஆளால் முடியாது, ஆனால் உங்கள் நோட்டு எதற்கு என்று அதைப் படித்தால் விளங்கும். மின்காந்தச் சோதனைக்குச் சென்னையில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் இருக்கிறது. வைஃபை, ப்ளூடூத் சேர்த்தால் வானொலி அலை அனுமதியும் பார்க்க வேண்டும். சேர்க்காமல் இருப்பது நல்லது, அறைக்குள் மனிதர் இருக்கும்போது இணையத்துக்குச் சேதி போவதால் அவருக்கு என்ன பயன்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறையால் விளையும் தீங்குக்குச் செய்தவரே பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி லாட்ஜ்களின் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாட்டும்போது

கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசானது, ஏறக்குறைய அதே எடை. எனவே படுத்திருப்பவரின் மூக்கு உயரத்தை ஒட்டி மாட்டலாம். சமையல் கேஸ் கனமானது, தரையோரம் தங்கும், அதற்கு இந்தக் கருவி உதவாது என்று உரிமையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறைக்கு வெளியே ஒன்று அவசியம். திரைச்சீலைக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில், இன்வெர்ட்டருக்கு மேலே வேண்டாம்.

பெட்டியின் முதுகில் மூன்று தேதிகள்: செய்த நாள், மாட்டிய நாள், சென்சார் ஆயுள் முடியும் நாள். பக்கவாட்டில் சோதனைப் பொத்தான், அறை கூட்டுபவர் வாரம் ஒருமுறை அழுத்த. அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் செலவழியுங்கள், உரிமையாளருக்குச் சொல்வதைவிட அது பலன் தரும்.

முகப்பில் என்ன எழுதுவது என்று தம்பியும் நானும் நெடுநேரம் வாதாடினோம். அவன் பெயரும் முத்திரையும் வேண்டும் என்றான். கடைசியில் தமிழில் பெரிய எழுத்தில், மலையாளம் கன்னடம் பேசும் விருந்தினருக்குப் படங்களோடு, இப்படி அச்சிட்டோம்: "சத்தம் கேட்டால் கதவைத் திற. எல்லாரையும் எழுப்பி வெளியே வா. வெளியிலிருந்து 108-ஐக் கூப்பிடு. பெட்டியைக் கழற்றாதே."